வீட்டில் கிடைத்த பழைய அச்சுப்படம்: அடையாளம் காண்பதும் விலை மதிப்பதும்

பரணைச் சுத்தம் செய்யும்போது கண்ணாடிச் சட்டத்தில் ஒரு பழைய படம் கிடைக்கிறது. ஓரமெல்லாம் பழுப்பு. கீழே பென்சிலில் ஏதோ கையெழுத்து. பின்னட்டையில் பாதி கிழிந்த லேபிள். பெரும்பாலானவர்கள் உடனே அதைப் போனில் படமெடுத்து இணையத்தில் தேடுகிறார்கள். அதே படம் அற்ப விலைக்கும் கிடக்கிறது, மலைக்க வைக்கும் விலைக்கும் போயிருக்கிறது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஸ்பானிய ஓவியர் கோயாவின் 'லாஸ் காப்ரிச்சோஸ்' 80 செப்புத் தகடுகள் கொண்ட வரிசை. முதல் பதிப்பு 1799இல் வந்தது. அதே தகடுகளிலிருந்து 1937 வரை மேலும் பதினொரு பதிப்புகள் எடுத்தார்கள். அதற்கும் மேல், புத்தகங்களிலும் நாட்காட்டிகளிலும் புகைப்பட முறையில் அச்சான நகல்கள் ஏராளம். இணையத் தேடலுக்கு இவையெல்லாம் ஒரே படம், விலையிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆகவே படத்தில் என்ன இருக்கிறது என்பதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி, மை எந்த வழியில் தாளில் ஏறியது என்பது. அதற்கு விடை தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சட்டத்தைத் திறப்பதற்கு முன்

முன்பக்கம், பின்பக்கம், லேபிள்கள், ஆணிகள் என்று எல்லாவற்றையும் இருக்கிற நிலையிலேயே படமெடுத்து வையுங்கள். சட்டம் போட்டவரின் முகவரி லேபிளும் கண்காட்சி எண் எழுதிய துண்டுச்சீட்டும் படத்தின் பூர்வீகத்துக்குச் சாட்சி. எதையும் தூக்கிப் போடக் கூடாது.

லென்ஸ் பரிசோதனையைக் கண்ணாடி வழியாகவே ஓரளவு செய்துவிடலாம். அதிலேயே நவீன நகல் என்று தெரிந்தால் பிரிக்கத் தேவையில்லை. பிரித்தே ஆக வேண்டுமென்றால், மேசையில் சுத்தமான வெள்ளைத் துணி விரித்து, சட்டத்தைக் கவிழ்த்து வையுங்கள். பின்னால் ஒட்டிய பழுப்புத் தாளை விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, பிளேடால் மேலோட்டமாகக் கீறுங்கள். ஆணிகளைக் குறட்டால் நேராக இழுக்க வேண்டும். பக்கவாட்டில் நெம்பினால் அழுத்தம் கண்ணாடிக்குப் போய் அது விரிசல் விடும், விரிசல் படத்தைக் கீறும்.

பின்பலகையைத் தூக்கியதும் படம் தானாக விடுபடவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். ஈரப்பதத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கும். இழுத்தால் மை கண்ணாடியில் தங்கிவிடும், வெறும் தாள்தான் கைக்கு வரும். அதைப் பிரிப்பது காகிதப் பாதுகாப்பு வல்லுநரின் வேலை. படத்தைச் சுற்றி ஓரமாக வைக்கும் மவுன்ட் அட்டையில் டேப் ஒட்டியிருந்தாலும் அப்படியே விடுங்கள்.

கையுறை வேண்டாம். விரலின் உணர்வு மங்கி, தாளின் ஓரம் கிழிவதுதான் மிச்சம். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த கை போதும். தாளை ஒரு மூலையில் பிடித்துத் தூக்காமல், அடியில் ஒரு சுத்தமான அட்டையைச் செருகி, அட்டையோடு தூக்குங்கள். குறிப்பெழுதப் பென்சில் மட்டும். மேசையில் பேனா, தண்ணீர்க் குவளை எதுவும் இருக்கக் கூடாது.

லென்ஸ்

நகைக்கடையில் கல் பார்க்கப் பயன்படுத்துகிறார்களே, அந்த 10 மடங்கு லென்ஸ் ஒன்று, ஒரு சின்ன டார்ச், மில்லிமீட்டர் அளவுகோல். இவை போதும். கருத்த கோடுகளைப் பார்த்துப் பயனில்லை. நிறம் மெல்ல மாறும் இடங்களைப் பாருங்கள்: கன்னம், வானம், துணியின் மடிப்பு.

அங்கே நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலு நிறப் புள்ளிகள் வரிசை பிசகாமல் நின்று, சின்னச் சின்னப் பூ வளையங்களாகத் தெரிந்தால் அது புகைப்பட முறையில் பிரித்து அச்சிட்ட ஆஃப்செட் படம். இந்தப் புள்ளித் திரை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் பரவியது. படத்தின் கீழே 1750 என்று போட்டிருந்தாலும் உங்கள் தாள் அந்தக் காலத்தது அல்ல. இன்னொரு தடயமும் உண்டு. தாளில் தெரியும் பழுப்புக் கறையை லென்ஸில் பாருங்கள். கறைக்குள்ளும் நிறப் புள்ளிகள் இருந்தால், மூலப்படத்தின் கறையையே படமெடுத்து அச்சிட்டிருக்கிறார்கள். தாள் பழசுபோலத் தோன்றுவது அச்சின் வேலை.

புள்ளிகள் இருந்துவிட்டால் படம் குப்பை என்று முடிவுகட்டவும் வேண்டாம். 20ஆம் நூற்றாண்டின் பல சுவரொட்டிகள் இந்த முறையிலேயே பிறந்தவை. அவற்றுக்கு அதுதான் மூலம். சேகரிப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள்.

புள்ளிகளுக்கு வரிசையே இல்லாமல், நிறத்தூள் தெளித்ததுபோல, கோடுகளின் ஓரமும் புகைந்து தெரிந்தால் அது இங்க்ஜெட். 'ஜிக்லே' என்ற பெயரில் 1990களிலிருந்து விற்பனையாவது இதுதான்.

பழைய வண்ணக் கல்லச்சு, அதாவது குரோமோலித்தோகிராஃப், லென்ஸுக்குள் முற்றிலும் வேறு காட்சி. கல்லச்சை 1790களின் கடைசியில் ஜெர்மனியில் அலாய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்தார். பல கற்களில் பல நிறம் அச்சிடும் முறைக்கு 1837இல் பிரான்சில் எங்கெல்மன் காப்புரிமை பெற்றார். ஒரு நிறத்துக்கு ஒரு கல், நல்ல படமென்றால் பத்துக் கல்லுக்கு மேலும் போகும். ஒரு முகத்தின் கன்னத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் வெளிர்மஞ்சள் பூச்சு சமமாகப் பரவியிருக்கும். அதன்மேல் கையால் குத்திய இளஞ்சிவப்புப் புள்ளிகள், ஒன்று கடுகளவு என்றால் அடுத்தது அதில் பாதி, இடைவெளியும் ஒழுங்கில்லை. தாடை நிழலுக்கு வந்தால் சாம்பல் கலந்த நீலப் புள்ளிகள் ஊடே நுழையும். உதட்டில் இரண்டு வகைச் சிவப்பு. நாலே நிறத்தில் இத்தனை வகை வராது. படத்தின் ஓரத்தில் ஒரு நிறம் மட்டும் அரை மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், கற்கள் தனித்தனியாக அடிக்கப்பட்டன என்பதற்கு அது நேரடிச் சான்று.

இதே கல்லச்சின் மேல் வார்னிஷ் பூசி, கேன்வாஸ் நெசவுபோல அழுத்தம் கொடுத்தால் ஓலியோகிராஃப். தைல ஓவியம் என்று பலரும் ஏமாறுவது இதில்தான். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். கையால் தீட்டிய தூரிகைத் தடம் கன்னத்தில் வளைந்து, துணியில் மடிப்போடு இறங்கி, உருவத்தின் போக்கிலேயே ஓடும். ஓலியோகிராஃபில் முகம், வானம், பட்டுத்துணி எல்லாவற்றின் மேலும் ஒரே நெசவு ஒரே ஆழத்தில் ஓடும். ஒரு தடவை இந்த வித்தியாசத்தைக் கண்டுகொண்டால் பிறகு மறக்காது.

ஏமாற்றும் வகை இன்னும் இரண்டு. புகைப்படத்தைச் செப்புத் தகட்டில் அரித்து அச்சிடும் ஃபோட்டோகிராவூரில் புள்ளி வரிசை கிடையாது, பொடிமணல் போன்ற நுண்பொரி மட்டும் தெரியும். தகட்டின் விளிம்பு தாளில் பதிந்த தடமும் இருக்கும் என்பதால் அனுபவசாலிகளே தடுமாறுவார்கள். கோட்டை மட்டும் உற்றுப் பாருங்கள். கையால் கீறிய கோடு என்றால் ஓரம் தெளிவாக இருக்கும், இதில் கோடே பொரிப்பொரியாக உடைந்திருக்கும். ஜெலட்டின் பூச்சிலிருந்து புகைப்படத்தை அச்சிடும் கொலோடைப்பில் சுருண்ட புழுக்கள்போல நெளிந்த நுண்வடிவம் தெரியும்.

தகட்டுத் தடம், மரக்கட்டைத் தடம்

செப்புத் தகட்டை ஈரத் தாளோடு சேர்த்துக் கனத்த உருளைக்கு அடியில் ஓட்டும்போது, தகட்டின் விளிம்பு தாளில் செவ்வகப் பள்ளமாகப் பதியும். பக்கவாட்டு வெளிச்சத்தில் படத்துக்கு வெளியே நாலு பக்கமும் அந்தப் பள்ளத்தைத் தேடுங்கள். மை தகட்டின் குழிகளிலிருந்து மேலே இழுக்கப்படுவதால், கோடுகள் தாளின் மேல் புடைத்து நிற்கும்.

உளியால் செதுக்கிய கோடு நடுவில் பருத்து நுனியில் ஊசியாகக் கூர்ந்து முடியும். அமிலத்தில் அரித்த கோடு, அதாவது எட்சிங், கையெழுத்துபோல அலைந்து, நுனி மழுங்கி நிற்கும். ஊசியால் நேரே கீறும் டிரைபாயின்ட்டில் கோட்டின் ஓரமாக வெல்வெட்டுபோல ஒரு கறுப்பு மங்கல் படர்ந்திருக்கும். ஊசி கிளப்பிய செம்புப் பிசிறு மையைப் பிடித்துக்கொள்வதால் வரும் மங்கல் அது. உருளையின் அழுத்தத்தில் அந்தப் பிசிறு சீக்கிரமே நசுங்கிவிடும், முதல் சில டஜன் பிரதிகளில்தான் முழு அழகும் தங்கும். டிரைபாயின்ட் படத்தில் மங்கல் செழிப்பாக இருந்தால் விலை ஏறுவதற்குக் காரணம் இதுவே.

வெறும் தகட்டை வைத்து அழுத்திப் போலித் தடம் உண்டாக்குவதும் உண்டு. தடம் இருந்து மை தட்டையாக இருந்தாலோ, லென்ஸில் நிறப்புள்ளி தெரிந்தாலோ சந்தேகப்படுங்கள். தடமே இல்லை என்பதும் தீர்ப்பல்ல. பழைய சேகரிப்பாளர்கள் பலர் தடத்துக்கு உட்புறமாகவே தாளை வெட்டிவிட்டார்கள்.

மரக்கட்டை அச்சில் மை கோட்டின் இரு ஓரத்துக்கும் பிதுங்கி, கரை கட்டியதுபோல இருக்கும். ஜப்பானிய மரக்கட்டை அச்சுகளில் இயந்திரமே கிடையாது. பாரென் என்னும் வட்டத் தட்டால் தாளின் பின்புறத்தைத் தேய்த்து எடுப்பார்கள். பின்பக்கம் வட்டமாகத் தேய்த்த தடமும் ஊறி வந்த நிறமும் தெரிய வேண்டும். பரவலான ஓபான் அளவு ஏறத்தாழ 39க்கு 26 சென்டிமீட்டர். இங்கே ஒரு சிக்கல். ஹொகுசாயின் 'பேரலை' போன்ற படங்களைப் பிற்காலத்தில் புதுக் கட்டையில் செதுக்கி, அதே கைமுறையில் மறுபடி அச்சிட்டிருக்கிறார்கள். லென்ஸ் மட்டும் வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. அருங்காட்சியகப் பிரதியின் தெளிவான படத்தைப் பக்கத்தில் வைத்து, கோட்டுக்குக் கோடு ஒப்பிட வேண்டும். கட்டை தேயத் தேயத் தலைப்புப் பெட்டியின் கோட்டில் முறிவுகள் விழும், அவை விழுந்த இடத்திலேயே அடுத்த பிரதிகளிலும் தொடரும். உங்கள் படத்தில் கோடுகளின் வளைவே வேறு மாதிரி போனால் கட்டை வேறு.

தாள் சொல்லும் காலம்

தாளை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் செங்குத்துக் கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே நெருக்கமான மெல்லிய கோடுகளும் தெரிந்தால் அது கம்பிச்சட்டத்தில் வார்த்த கோட்டுத் தாள். கோடே இல்லாத வழுவழுப்பான தாள் ஐரோப்பாவில் 1750களில்தான் வந்தது. ஆகவே கோடில்லாத ஐரோப்பியத் தாளில் 1640ஆம் ஆண்டுப் படம் இருந்தால், தகடு பழசாக இருக்கலாம், அச்சு பின்னாளையது. கோட்டுத் தாளை இன்றைக்கும் தயாரிக்கிறார்கள், எனவே அது தனியாக எதையும் நிரூபிக்காது.

தாள் செய்தவர் தாளுக்குள்ளேயே பதித்த நீர்க்குறி தெரிந்தால் வரைந்து வையுங்கள். இங்கிலாந்தின் ஜே. வாட்மன் நிறுவனத் தாள்களில் சிலவேளை ஆண்டே இருக்கும். அந்த ஆண்டுக்கு முன்னால் படம் அச்சாகியிருக்க வழியில்லை, அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் அச்சாகியிருக்கலாம். இருட்டறையில் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் அடித்துப் பார்ப்பதும் பயன்தரும். வெண்மை கூட்டும் ரசாயனங்கள் தாளில் 1950 வாக்கில் வந்தவை, அவை நீலவெள்ளையாகப் பளீரிடும். பழைய தாள் மந்தமாகவே இருக்கும்.

எழுத்துகளும் கையெழுத்தும்

படத்துக்குக் கீழே இடது ஓரத்தில் உள்ள பெயரோடு 'பின்க்ஸிட்' என்று இருந்தால் அவர் ஓவியத்தைத் தீட்டியவர், 'டெலினியாவிட்' என்றால் வரைந்தவர். வலது ஓரத்தில் 'ஸ்கல்ப்ஸிட்' என்று வருபவர் தகட்டைச் செதுக்கியவர். 'எக்ஸ்கூடிட்' வெளியீட்டாளரைக் குறிக்கும். எல்லாம் லத்தீன், பெரும்பாலும் முதல் மூன்று நாலு எழுத்தோடு சுருக்கியிருப்பார்கள். பிரிட்டனில் 1735ஆம் ஆண்டுச் சட்டம் தகட்டிலேயே வெளியீட்டு நாளையும் உரிமையாளர் பெயரையும் பொறிக்கச் சொன்னது. அந்த நாள் தகட்டின் பிறந்தநாள். உங்கள் தாள் அதற்கு எழுபது ஆண்டு கழித்தும் அச்சாகியிருக்கலாம்.

ஓரத்தில் பென்சிலால் கையெழுத்திடும் பழக்கம் 1880கள் வாக்கில்தான் பரவியது. 25/200 போன்ற எண், அதாவது மொத்தம் 200 பிரதிகளில் 25ஆவது என்ற குறி, 20ஆம் நூற்றாண்டுப் பழக்கம். 18ஆம் நூற்றாண்டுப் படத்தில் அந்த எண் இருந்தால், அது பிற்கால மறுபதிப்பு. எண் சிறியதாக இருந்தால் மதிப்பு அதிகம் என்பதும் நவீன அச்சுகளில் பெரும்பாலும் பொய். மொத்தம் எத்தனை என்பதே முக்கியம். எண்ணுக்குப் பதிலாக வரும் எழுத்துகளில் ஏ.பி., இ.ஏ. இரண்டும் கலைஞருக்கென ஒதுக்கிய பிரதிகள், ஹெச்.சி. விற்பனைக்கு வெளியே வைத்தது.

பென்சில் கையெழுத்தைச் சாய்த்துப் பார்த்தால் கரி மின்னும். லென்ஸில் தாளின் மேட்டில் கரி ஒட்டியும் பள்ளத்தில் விட்டுப்போயும் இருக்கும். அச்சான கையெழுத்தில் மின்னலும் இல்லை, விட்டுப்போன இடமும் இல்லை. கையெழுத்து உண்மை என்பதாலேயே படமும் உண்மை ஆகிவிடாது. ஸ்பானிய ஓவியர் சால்வதோர் தாலி காலித் தாள்களில் பெரும் எண்ணிக்கையில் முன்கூட்டியே கையெழுத்திட்டதால், அவர் பெயரில் வரும் கல்லச்சுகளைச் சந்தை இன்றும் சந்தேகத்தோடே பார்க்கிறது. தாலி, ஷகால், மிரோ, பிக்காசோ பெயர்கள் இருந்தால் விற்றவரின் பழைய ரசீதையும் தேடி எடுங்கள்.

ஓரத்தில் மையில்லாமல் அழுத்திய முத்திரை வெளியீட்டாளருடையதாக இருக்கலாம். பின்பக்கத்தில் சிறிய மை முத்திரை இருந்தால் பழைய சேகரிப்பாளர் ஒருவருடையது. ஃப்ரிட்ஸ் லுக்ட் 1921இல் தொகுத்த சேகரிப்பாளர் முத்திரைகளின் பட்டியல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நல்ல சேகரிப்பிலிருந்து வந்தது என்று தெரிந்தால் விலைக்கு அது பலம்.

எந்தப் பதிப்பு?

பெயரும் முறையும் தெரிந்த பிறகு, அந்தக் கலைஞரின் முழு அச்சுப் பட்டியலைத் தேடுங்கள். பழைய ஐரோப்பிய அச்சுகளுக்கு 1803 முதல் 1821 வரை 21 தொகுதிகளாக வந்த ஆடம் பார்ட்ஷின் பட்டியல் இன்றும் ஆதாரம். ஏல அறிவிப்புகளில் 'பார்ட்ஷ் 74' என்று வருவது அதன் எண்தான். பிரிட்டிஷ் மியூசியம், ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் இரண்டும் தங்கள் அச்சுகளை இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கும்படி வைத்திருக்கின்றன.

அளவெடுக்கும்போது தகட்டுத் தடத்திலிருந்து தடம் வரை மில்லிமீட்டரில் எடுங்கள், உயரம் முதலில், அகலம் பிறகு. ஈரத் தாள் காயும்போது சுருங்குவதால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வேறுபடலாம். இரண்டு சென்டிமீட்டர் வேறுபட்டால் நகல். அமெரிக்க ஓவியர் ஆடுபனின் பறவைப் படங்கள் இதற்கு நல்ல பாடம். 1827 முதல் 1838 வரை லண்டன் அச்சாளர் ஹேவல் அச்சிட்ட 435 தகடுகளும் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள வாட்மன் தாளில் வந்தவை. சின்னப் பறவைக்குச் சின்னத் தகடு போட்டிருப்பார்கள், தாள் மட்டும் அதே பெரிய அளவு. புத்தக அளவுத் தாளில் நிற்கும் ஆடுபன் பறவை வேறு ஏதோ பதிப்பு.

கலைஞர் தகட்டில் மாற்றம் செய்த ஒவ்வொரு கட்டத்தையும் 'நிலை' என்பார்கள். டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் 'நூறு கில்டர் படம்' எனப்படும் தகட்டை 1770களில் வில்லியம் பெய்லி வாங்கிக் கோடுகளைத் திருத்தி அச்சிட்டார், பிறகு தகட்டையே நாலு துண்டாக வெட்டி அவற்றிலிருந்தும் அச்செடுத்தார். ரெம்பிராண்டின் தகடுதான், ஆனால் அவர் காலத்துப் பிரதியோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. உங்கள் படம் எந்த நிலை என்று தெரியாமல் விலை தேடுவது வீண்.

குறைகளை எழுதுங்கள்

செம்பழுப்புப் புள்ளிகள், மவுன்ட் அட்டையின் அமிலம் சுற்றிலும் எரித்த பழுப்புக் கோடு, வெயிலில் வெளுத்த நிறம், கிழிசல், மடிப்பு, நீர்த்தடம், டேப்பின் மஞ்சள். ஒவ்வொன்றையும் இடமும் அளவும் போட்டு எழுதுங்கள். வெளுப்பைக் கண்டுபிடிக்க மவுன்ட்டுக்கு அடியில் மறைந்திருந்த ஓரத்தின் நிறத்தை நடுப்பகுதியோடு ஒப்பிட்டால் போதும். நீர்த்தடத்தையும் புள்ளிகளையும் வல்லுநர் ஓரளவு குறைக்கலாம். போன நிறம் திரும்பாது, வெட்டிய ஓரம் வளராது, அட்டையில் முழுதாக ஒட்டிய தாளை எடுப்பது செலவும் ஆபத்தும். விலையைப் பெரிதும் இறக்குபவை இவை.

தயவுசெய்து நீங்களாகத் துடைக்காதீர்கள். ரப்பர், ரொட்டித்துண்டு, ஈரத்துணி, பிளீச், இஸ்திரிப் பெட்டி, செல்லோடேப், லேமினேஷன், ஓரத்தை நேராக்க ஒரு வெட்டு என்று நல்லெண்ணத்தில் செய்த காரியங்களால் கெட்ட படங்கள் ஏராளம். கையால் வண்ணமிட்ட படங்களில் நீர்வண்ணம் ஒரே ஈரத்தொடலில் கரைந்துவிடும்.

விலை

கேட்கும் விலை விலையல்ல, விற்ற விலைதான் விலை. இணையக் கடையில் பல ஆண்டாக விற்காமல் கிடக்கும் படத்தின் மேல் போட்ட எண்ணை வைத்துக் கனவு காண வேண்டாம். ஏல நிறுவனங்களின் முடிவுப் பக்கங்களில் அதே படம், அதே பதிப்பு, அதே நிலை, ஏறத்தாழ அதே நிலைமையில் உள்ள பிரதிகள் கடந்த ஐந்தாண்டில் என்ன விலைக்குப் போயின என்று பாருங்கள். குறைந்தது மூன்று விற்பனைகள் வேண்டும், ஐந்து கிடைத்தால் நல்லது. மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் ஒதுக்கிவிட்டு நடுவில் உள்ளவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். சுத்தியல் விழுந்த விலையா, வாங்குபவர் கட்டணம் சேர்ந்ததா என்று கவனியுங்கள். அந்தக் கட்டணம் பல இடங்களில் 20 சதவீதத்துக்கு மேல். விற்கும்போது உங்களிடமும் தரகு, படப்பிடிப்பு, காப்பீடு என்று பிடிப்பார்கள்.

ஒரே படத்துக்கு மூன்று மதிப்பு இருக்கும். காப்பீட்டுக்குக் குறிப்பது கடையில் அதே போல இன்னொன்றை வாங்க ஆகும் தொகை, அதுதான் உயர்ந்தது. ஏல விலை அதற்குக் கீழே. வியாபாரி கையில் தரும் ரொக்கம் இன்னும் கீழே, ஏனெனில் அவர் இடத்தையும் முதலையும் முடக்கிக் காத்திருக்க வேண்டும். காப்பீட்டுச் சான்றிதழில் உள்ள தொகைக்கு விற்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றமே.

மதிப்பீட்டாளரிடம் போனால் கட்டணம் மணிக்கணக்கிலோ படக்கணக்கிலோ இருக்கட்டும். மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கேட்பவரையும், மதிப்பிட்ட கையோடு தானே வாங்கிக்கொள்கிறேன் என்பவரையும் தவிர்த்துவிடுங்கள். ஏல நிறுவனங்கள் பல, படம் அனுப்பினால் இலவசமாகவே உத்தேச விலை சொல்லும். அதற்கு முழுத்தாள் முன்னும் பின்னும், நாலு மூலைகள், கையெழுத்து, எண், நீர்க்குறி, குறைகள், லென்ஸ் வழியாக எடுத்த ஒரு நெருக்கக் காட்சி ஆகியவற்றை அளவுகோலும் தெரியும்படி பகல் வெளிச்சத்தில் ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்து அனுப்புங்கள். இரண்டு மூன்று நிறுவனங்களிடம் தனித்தனியாகக் கேட்பது நல்லது.

பதில் வரும்வரை படம் பரணுக்குத் திரும்பக் கூடாது. அமிலமில்லாத தாள் உறையில் சமதளமாக வைத்து, இரு பக்கமும் அமிலமில்லாத அட்டை கொடுத்து, வெளிச்சுவரை ஒட்டாத ஓர் அலமாரியில் வையுங்கள். பழைய மவுன்ட் அட்டையையும் பின்பலகையையும் லேபிளோடு தனி உறையில் பத்திரப்படுத்துங்கள். படத்தோடு சேர்த்து வைத்தால் அந்த அட்டையின் அமிலம் மறுபடி தாளுக்குள் இறங்கும்.